சங்குகாரர் சொன்னதாக

அப்பா இறந்த மூன்றாம் நாள், எங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில், அப்பா படத்துக்குக் கீழே ஒரு கிரேக்க ஞானியின் வாசகம் இருந்தது. பஜாரில் பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து அடித்து ஒட்டியது. கருப்பட்டியும் வத்தலும் விற்று வாழ்ந்த மனிதருக்கும் அந்த ஞானிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த வரி உறுத்தியது. வீட்டில் ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போய்க்கொண்டிருக்க, நான் உள்ளறையில் உட்கார்ந்து அந்த ஞானியின் நூல்களில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கும் இல்லை. நாலு மாதம் கழித்து, ஏதோ ஒரு தூரதேசத்துப் பழைய பத்திரிகையில், வாழ்த்து அட்டை விற்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தில் அது கிடைத்தது. அன்றைக்குத்தான் அப்பாவுக்காக எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அது விடாத பழக்கமாகிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நான் நூலகர். காலை வணக்கத்தோடு கைபேசியில் வந்து விழும் பொன்மொழிகளில் முக்கால்வாசி, கீழே போட்டிருக்கும் பெயர்க்காரர் சொல்லாதவை. எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கிப் போவேன். ஒரு மேடைப் பேச்சு, ஒரு பாடக் குறிப்பு, ஒரு விளம்பரம், அதற்கு மேல் இருட்டு. ஆண்டு மலர் அச்சுக்குப் போகும் நாட்களில் ஆசிரியர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மேடம், இது நெசமாவே அவர் சொன்னதா?" இல்லை என்று நான் சொன்னால் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, பெயரை மட்டும் எடுத்துவிட்டு வரியை அப்படியே போட்டுவிடுவார்கள்.

போன வருடம், கல்லூரி திறந்த புதிதில், ஒரு சனிக்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தாள். எங்கள் கல்லூரியிலேயே பி.காம். படித்தவள். துறைமுகத்துச் சரக்குகளுக்குக் காகிதம் பார்க்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை செய்கிறாள். கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பழைய ஜெபப் புத்தகம். அதைத் திறந்து உள்ளே இருந்த ஒரு தாளை இரண்டு விரலால் எடுத்து என் மேஜையில் வைத்தாள். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள். நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. பெரிய எழுத்தில் தேதி, அதன்கீழ் அன்றைய புனிதரின் பெயர், பிறையின் நிலை. எல்லாவற்றுக்கும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

"கரை சேர்ந்தவனும் பாதி கடலிலேயே இருக்கிறான்."

அதற்குக் கீழே ஒரு கிரேக்க ஞானியின் பெயர்.

"இது அவர் எந்தப் புத்தகத்துல சொல்லியிருக்காருன்னு கண்டுபிடிக்கணும் மேடம்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். அவளுடைய அப்பா சங்கு குளிக்கிறவர், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், இந்தத் தாளில் இருக்கும் அதே திங்கட்கிழமை, கடலுக்குப் போனார். வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை இறங்கினார். மேலே இருந்தவர்கள் இழுத்தபோது குழாய் மட்டும் வந்தது. பதினைந்து நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அவர் போன மறுநாளே, காலையில் வழக்கம்போலத் தாளைக் கிழிக்கப் போன அம்மா, அந்த வரியைப் படித்துவிட்டு, அதைக் குப்பையில் போடாமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள்.

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு மேடம். மாதா கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. அதுல அப்பா பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு வாசிக்கணும். அம்மா ஒத்துக்க மாட்டேன்னுட்டா. காணாம போயி ஏழு வருஷம் ஆனா எறந்துட்டதா எழுதிக் கொடுப்பாங்கன்னு நான் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தப்போ அத ஏறெடுத்துக்கூடப் பாக்கல. இப்பந்தான் எறங்கி வந்திருக்கா. கல்லறையில ஒரு கல்லு வையி, அதுல இந்த வரியப் போடு, பொறவு என்னத்தையும் வாசிச்சுக்கோங்கன்னு சொல்லுதா."

"அப்புறம் என்ன?"

"சாமியார் வேண்டாம்னு சொல்லல. கிரேக்கக்காரர் பேரக் கல்லுல வெட்டுறதுக்கு முன்னால எந்தப் புத்தகத்துல இருக்குன்னு பாத்துட்டு வாம்மான்னு மட்டும் சொன்னாரு."

மறுநாள் ஞாயிறு. மற்ற தாள்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சிமெண்ட் ஓடு போட்ட வீடு. அவளுடைய அம்மா என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஆனால் தலை முழுக்க நரைத்துவிட்டது. வேறு தாள் எதுவும் இல்லை என்று சொல்லி, எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர மகளை அனுப்பிவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. கரைக்கு வந்தவன் பாதி கடல்ல இருக்கான்னா, கடல்ல கெடக்கவன் பாதி கரையில இருக்கணும்லா? கணக்கு அப்படித்தான வருது?"

அவள் பின்கட்டைக் காட்டினாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், மேலே ஒரு தட்டு. சங்கு குளித்துக் கரைக்கு வருகிறவர்கள் உடம்பில் உப்பு போக நல்ல தண்ணீர் விட வேண்டும். குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரில் அவள் பன்னிரண்டு வருடமாக ஒரு வாளி ஒதுக்குகிறாள்.

"காலையில பாத்தா ஒரு செம்பு கொறஞ்சிருக்கும்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எம்மவ காக்கா குடிச்சிருக்கும்னு சொல்லுவா. தட்டு போட்டு மூடின வாளியில காக்கா எப்படிக்கா குடிக்கும்?"

மகள் கலரோடு வந்ததும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த அந்தப் பட்டப்பகலில் நான் கலரைக் குடித்தபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் தேடினேன். அந்த ஞானியின் பெயரில் கிடைப்பவை எல்லாவற்றையும், அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் எழுதியதையும், தமிழில் வந்திருக்கும் மொழிபெயர்ப்புகளையும் பார்த்தேன். அந்த வரி இல்லை. அதைப் போன்ற வரிகூட இல்லை. இணையத்திலும் இல்லை என்பதுதான் ஆச்சரியம். பொய்யான பொன்மொழி என்றால் ஆயிரம் இடத்தில் இருக்கும். இது உலகத்திலேயே அந்த ஒரு தாளில் மட்டும்தான் இருந்தது.

தாளின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. கடலோர மக்களுக்காகப் புனிதர் நாளும் அமாவாசையும் பௌர்ணமியும் போட்டு அவர்களே ஒரு நாட்காட்டி கொண்டுவந்திருக்கிறார்கள். தேடிப்போனேன். அந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. அச்சகம் மூடி எட்டு வருடம் ஆகிவிட்டதாகவும், அங்கே எழுத்துக் கோர்த்த அண்ணாச்சி ஏரல் என்ற ஊரில் மகள் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார்கள்.

ஏரலில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எழுபது தாண்டியவர். முதலில் ஈய எழுத்துக் கோர்த்து, பிறகு கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். நாட்காட்டி என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"அதுல உள்ள பொன்மொழி எல்லாம் யாரு கொடுத்தது அண்ணாச்சி?"

"யாரு கொடுப்பா? நாந்தான். மொத வருஷம் புத்தகத்தப் பாத்துப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னூத்தி அறுவத்தஞ்சு வேணும்லா? மூணாம் வருஷமே சரக்கு தீந்துபோச்சு. பொறவு காதுல விழுறது, மனசுல தோணுறது எல்லாத்தையும் போட்டேன்."

"பேரு?"

"பேருக்கு ஒரு பட்டியல் வச்சிருந்தேன். திங்கக்கெழமைக்கு கிரேக்கர், செவ்வாக்கெழமைக்கு சீனர், புதன்கெழமைக்கு ஜெர்மன்காரர். அப்படியே சுத்தி வரும். பேரு இல்லாட்டி யாரும்மா படிக்கா? ஏரல்காரன் சொன்னான்னு போட்டா சிரிப்பாங்க. வெளிநாட்டு ஞானி சொன்னாருன்னு போட்டா ஒரு நிமிசம் நின்னு வாசிப்பாங்க."

இத்தனை வருடத்தில் ஒரு பொய்யைச் செய்த ஆளையே நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர் தன் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்.

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு வரியின் மூலத்தைத் தேடும்போது, சாட்சியிடம் கதையை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. வரியை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மாணவிகளுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வாளித் தண்ணீர் என் மனதைவிட்டுப் போகாமல் இருந்ததால், தாளை நீட்டும் முன்பே, "ஒரு சங்கு குளிக்கிறவர் பொஞ்சாதி பன்னெண்டு வருஷமா இதப் பத்திரமா வச்சிருக்கா அண்ணாச்சி. வீட்டுக்காரர் கடல்லயே போயிட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்து வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, "இது நான் எழுதினது இல்ல. ஒரு சங்குகாரர் சொன்னது" என்றார்.

"யாரு?"

"பேரு தெரியாது. மகளுக்குப் புதுநன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்குதான்னு கார்டு அடிக்க வந்தாரு. ரெண்டு காதுலயும் பஞ்சு. நான் சொல்லுறது அவருக்குக் கேக்கல. ஏன் அண்ணாச்சின்னு கேட்டேன். எறங்கி ஏறி வந்தா நாள் முழுக்கக் காதுக்குள்ள இரைச்சல்தான், கரைக்கு வந்தவனும் பாதி கடல்லதான் கெடக்கான்னு சொன்னாரு. அத அப்படியே செந்தமிழாக்கிப் போட்டுட்டேன்."

எழுந்து உள்ளே போய் ஒரு தடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தான் கோர்த்த ஒவ்வொரு அழைப்பிதழிலும் ஒன்று எடுத்து ஒட்டி வைத்திருந்தார். அரைமணி நேரம் புரட்டினோம். கோயில் பூக்குழி, கடை திறப்பு, காதணி விழா. நடுவில் ஒரு வெள்ளை அட்டையில் கிண்ணமும் அப்பமும் அச்சடித்த புதுநன்மை அழைப்பிதழ். பெற்றோர் பெயரைப் பார்த்தேன். அந்தத் தாயின் பெயர். அந்தத் தகப்பனின் பெயர். அவர் காணாமல் போன அதே வருடம், மே மாதத் தேதி. நவம்பரில் அவர் போனார்.

பொன்மொழிகளைத் துரத்திக்கொண்டு போய் நான் எப்போதும் போய் நின்றது காகிதங்களில்தான். இந்த ஒரு தடவை ஒரு மனிதனின் வாய்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். அதுவும், அவர் சொன்னதையே அவர் மனைவி, யாரோ ஒரு ஞானி தனக்காகச் சொன்னது என்று பன்னிரண்டு வருடம் நெஞ்சோடு வைத்திருக்கிறாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவுக சொன்னதா?"

"ஆமா."

"அந்த அச்சாபீஸ்காரர்ட்டயா?"

"ஆமா."

குனிந்து முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். நான் எதிர்பார்த்தது அழுகை. ஆனால் நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்தது வேறு.

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. காது வலிக்கான்னு கேட்டா, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னுதான சொல்லுவாவ. பாதி கடல்ல கெடக்கேன்னு கெட்டுன பொஞ்சாதிகிட்ட சொல்லாம, காசு கொடுத்து கார்டு அடிக்கப் போன எடத்துல சொல்லியிருக்காவ." பிறகு என்னைப் பார்த்து, "அந்த அண்ணாச்சிய நான் பாக்கணும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து மூன்று பேரும் ஏரலுக்குப் போனோம். அவள் அவரிடம் அந்த வாசகத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"என்ன சட்ட போட்டிருந்தாவ?"

பெரியவர் யோசித்தார். "சட்டயா..."

"கட்டம் போட்டதா?"

"ஆமா, கட்டம் போட்டதுதான்."

"நீலமா?"

"நீலம்தான்."

அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதே எங்கோ இடறியது. அவள் கொடுப்பதை அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார், பாவம், வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல். மகள் ஆல்பத்தை மடியில் வைத்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதச் சொல்லும்போது சிரிச்சாவளா?" என்று அம்மா கேட்டாள்.

இதற்கும் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. சிரிக்கல" என்றார். யாரும் எடுத்துக்கொடுக்காத அந்தப் பதிலை நான் முழுக்க நம்பினேன். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இது நிஜம் என்று.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதாள். பெரியவரின் மகள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

சாமியாருக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை. இறந்தவரே சொன்னது, வேறு என்ன வேண்டும் என்றார். ஆவணியில் கறுப்புக் கல் ஒன்று வைத்தார்கள். மேலே சிலுவை, அதன்கீழ் அந்த வரி, அவர் பெயர், பிறந்த நாள், அந்தத் திங்கட்கிழமையின் தேதி. கிரேக்கரின் பெயர் போய்விட்டது. கீழே உடம்பு இல்லாத அந்தக் கல்லுக்கு முன்னால் உறவினர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அடுத்து வந்த ஞாயிறுகளில் ஓலை வாசித்தார்கள். முதல் வாசிப்பன்று என்னையும் அழைத்திருந்தார்கள். 'காலஞ்சென்ற' என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோது, எனக்கு முன் பெஞ்சில் முக்காடிட்டிருந்த அம்மாவின் தோள்கள் ஒருமுறை உயர்ந்து இறங்கின. வேறு ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

அக்டோபரில் ஒரு நாள், சிவகாசியிலிருந்து நாட்காட்டி ஏஜென்ட் ஒருவர் கல்லூரி அலுவலகத்துக்கு வந்திருந்தார். அடுத்த வருடத்துக்கான மாதிரிகளை மேஜையில் பரப்பி, ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ கையெழுத்துக்காகப் போனவள், ஒன்றை எடுத்துப் புரட்டினேன். நாள், நட்சத்திரம், அடியில் ஒரு பொன்மொழி, எல்லாம் தயாராக இருந்தது. இன்னும் பிறக்காத வருடத்தின் நவம்பரைப் புரட்டிப் பார்த்தேன்.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு வருடத்து நாட்காட்டி அதற்கு முந்தைய வருடமே அச்சாகிவிடும். அந்தத் திங்கட்கிழமைத் தாளும் முந்தைய ஐப்பசியிலேயே அச்சாகியிருக்கும். அவர் கார்டு அடிக்கப் போனது அதற்கு அப்புறம் வந்த மே மாதத்தில். அவர் அச்சகத்தின் படியேறியபோது அந்த வரி ஏற்கனவே தூத்துக்குடியில் ஆயிரம் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுச் சுவரிலும்.

அதே வருடம், அதே வருடம் என்று நான் குதித்தேன். தேதி பார்ப்பதே தொழிலாக வைத்திருப்பவள், ஒரு குழந்தைக்குத் தெரிவதைப் பார்க்கவில்லை. ஏஜென்ட், "என்ன மேடம், டிசைன் பிடிக்கலையா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுத் தனியாக ஏரலுக்குப் போனேன். பெரியவரிடம் மெதுவாக, குற்றம் சொல்கிற தொனி வராமல் விளக்கினேன். அவர் மறுக்கவில்லை. விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

"ஆமாம்மா. நீங்க சொல்லுதது சரிதான். அப்பம் அவரா இருக்க முடியாது."

"வேற சங்குகாரர் யாராவது, முன்னாடி வந்தவர்..."

"எத்தன பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. வேற யாராச்சும் சொல்லியிருக்கலாம்." எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டார். "இல்லாட்டி நானே எழுதியிருப்பேன். எழுதும்போது எனக்கு எப்பவும் யாரோ காதுக்குள்ள சொல்லுத மாதிரிதான் இருக்கும். அது யாரு சொல்லுதான்னு நான் பாத்ததில்ல."

"பஞ்சு வச்சிருந்தாருன்னு சொன்னீங்களே அண்ணாச்சி. சிரிக்கலன்னு சொன்னீங்களே."

"அது எனக்கு இப்பவும் கண்ணுக்கு முன்னால நிக்குதும்மா" என்றார். "பொய்யில்ல. நிக்குது."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. இல்லாத ஒரு மதியம் அவருக்குள் வந்து குடியேறிவிட்டது. நான்தான் அதைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு நிம்மதி இல்லை. ஊரில் யார் யாரோ பொய்யாகப் பெயர் போட்டதையெல்லாம் பிடித்துக் காட்டியவள் நான். இப்போது ஒரு கல்லறையில், கறுப்புக் கல்லில், அழியாத எழுத்தில் ஒரு தவறான பெயரை வெட்ட வைத்திருக்கிறேன். யாரோ ஒருவர், சங்குகாரரோ வேறு ஆளோ, அந்த வரியைச் சொல்லிவிட்டு எங்கோ பெயரில்லாமல் நிற்கிறார். புத்தக அடுக்குகளுக்கு நடுவே தனியாக நிற்கும்போது, பின்னால் ஒருவர் காதைத் தட்டித் தட்டித் தண்ணீரை எடுக்க முயல்வதுபோல ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் அந்தப் பெண் கேக்கும் கல்கல் பலகாரமும் கொண்டுவந்தாள். கல்யாணக் களை இன்னும் முகத்தில் இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஆரம்பித்தேன். "அந்தத் தேதி விஷயத்துல நான் ஒரு தப்பு..."

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"கப்பல் கெளம்புறதுக்கு முந்துன தேதி போட்டு ஒரு பேப்பர் வந்தா, எங்க ஆபீஸ்ல அத மொதல்ல பிடிக்கிறவ நான்தான். ஏரல்ல அந்தக் கார்டப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்குப் புதுநன்மை மே மாசம். அந்தக் காலண்டர முந்துன டிசம்பர்லயே மாட்டியாச்சு. ஆணி அடிச்சதே நான்தான், அப்பா என்னத் தூக்கிப் பிடிச்சிருந்தாரு."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லல. இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாமலா இருக்கும், அம்மாவுக்காகத் தெரிஞ்சேதான் விடுதாங்கன்னு நெனச்சுட்டேன்." குனிந்து வளையலைத் திருகினாள். "உங்கமேல அன்னைக்கு எனக்கு எவ்வளவு மரியாத வந்துச்சு தெரியுமா மேடம்?"

என் கவனக்குறைவைக் கருணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இல்லையம்மா, எனக்கு நிஜமாகவே தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. பன்னெண்டு வருஷத்துல இப்பந்தான் அவ அப்பாமேல கோவப்படுதா. முன்னெல்லாம் அவர ஒரு வார்த்த சொல்ல விடமாட்டா. இப்பம் சண்ட போடுதா."

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மாசி மாதம் ஒரு மதியம் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல், எது வந்தாலும் வரட்டும், அவள் அம்மாவிடமே சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, கல்லறைக்குப் போயிருக்கிறாள், தினமும் இந்த நேரத்துக்கு அங்கேதான் என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில். கடல்காற்றில் மணல் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லுக்கு முன்னால் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் பத்தடி பின்னால், ஒரு வேம்பின் மறைவில் நின்றுவிட்டேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. பகல் சாப்பாடு முடித்துவிட்டு வீட்டில் பேசுகிற குரல்.

"அந்த அண்ணாச்சிகிட்ட சொன்னீருல்லா? அவருட்ட சொல்ல வாய் வந்துச்சுல்லா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

நிறுத்தினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், காது மந்தமான ஆளிடம் பேசுகிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

"ம்" என்றாள்.

காற்று அடித்தது. அவள் மணலைக் கையால் அளைந்தாள்.

"ம்... ம்... பொறவு?"

எதைச் சொல்ல வந்தேனோ அதைச் சொல்ல எனக்கு அங்கே இடம் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாசல்வரை நடந்தேன். பஸ் வர வெகுநேரம் ஆனது. அதுவரைக்கும் என் காது அவள் பேச்சில் இல்லை. அவள் பேசாமல் விட்ட அந்த இடைவெளிகளிலேயே நின்றுகொண்டிருந்தது.